பலகையில் ஒட்டாமல் விட்ட சொல்

பொன்னம்மாவை ஊமை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஊமைக்குச் சத்தம் வராது. பொன்னம்மாவுக்குச் சத்தத்தில் குறைவில்லை. அவள் குரல் கொடுத்தால் எங்கள் காஜா பேராங் தெரு முனையில் இருக்கும் சீனர் கடை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் சொல்லாக மாறாது, அவ்வளவுதான். எங்கள் வரிசையில் சொல்லாகப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருந்ததில்லை.

நான் மரியம். அவர்கள் வீட்டுக்கு அடுத்த கதவு. தையல் தைக்கிறவள். சிட்டி வீட்டுப் பெண்களும் மலாய்க்காரப் பெண்களும்தான் எனக்கு அதிகம் துணி கொண்டுவந்து கொடுப்பார்கள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய சிட்டிப் பெண்கள் மாரியம்மன் கோவிலுக்கு எங்கள் தெருத் தமிழர்களைவிட ஒழுங்காகப் போவார்கள், ஆனால் பேசுவது மலாய். அதனால் எனக்கு மலாய் நன்றாக வரும். பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்லி வைக்கிறேன், பெருமைக்காக அல்ல.

பொன்னம்மா பிறந்தது இந்தியாவில். நடக்கப் பழகியதும் கப்பலில் இந்த மலாய் நாட்டுக்கு வந்தாள். அப்பாவும் அம்மாவும் டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவினார்கள். வந்த வருஷமே அவளுக்கு மூளைக்காய்ச்சல். காய்ச்சல் போகும்போது வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தலைக்கு ஓர் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. தலை இடமும் வலமுமாக மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும். தூங்கும்போதுதான் நிற்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவள் எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறாள் என்று நினைப்பார்கள். பழகியவர்கள் அந்தத் தலையைக் கவனிப்பதையே விட்டுவிடுவார்கள். இரண்டாலும் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அம்மா அதற்குப் பிறகு நெடுநாள் இருக்கவில்லை. அண்ணன் ஜெயபாலன் தங்கையைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து, தெங்கேரா வழியாகப் போகும் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தான். அஞ்சலையைக் கல்யாணம் செய்துகொண்டான்.

ஜெயபாலன் நல்ல அண்ணன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவனைத் திட்டப்போகிறேன். தங்கை வாயிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் அவனுக்கு ஒரே அர்த்தம்தான்.

“என்னம்மா, காப்பியா? இரு, அண்ணன் கொண்டாரேன்.”

கொசு கடித்தாலும் காப்பி. கால் மரத்துப்போனாலும் காப்பி. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்து அவள் கத்தினாள். பாலை இறக்கி, அதிலேயே காப்பி கலந்து கொடுத்தான். கண்ணாடிக் கிளாஸை உதட்டருகே பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் குடித்துவிடுவாள். குடித்ததும் அவன் முகத்தில் கணக்குக்குச் சரியான விடை போட்டவனின் களை வரும்.

அஞ்சலையும் கெட்டவள் இல்லை. நாத்தனாருக்குத் தலை வாரிப் பூ வைக்காமல் தான் வைத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் அவளுக்கு நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தை என்று ஒரு பெரிய சட்டம் உண்டு. கெட்ட வார்த்தை என்றால் நீங்கள் நினைப்பது அல்ல. அதையெல்லாம் தாராளமாகப் பேசுவாள். வீட்டுக்குள் ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது. அரிசி தீர்ந்தால் ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்பாள். கடைக்காரர் ஹாஜா புதிதில் இதைக் கேட்டுவிட்டு, நிறைந்திருந்தால் ஏன் வாங்க வந்தீர்கள் என்று கேட்டார். விளக்கை அணைக்கக்கூடாது, மலையேற்ற வேண்டும். ‘போறேன்’ என்றால் திருப்பிக் கூப்பிட்டு ‘வரேன்’ என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். எங்கள் வீட்டிலும் ‘வர்றேன்’தான் சொல்வோம், அதனால் இதில் நான் அவளைக் குறை சொன்னதில்லை.

இங்கே சுதந்திரம் வந்ததும், முதல் ஒரு வருஷத்துக்குள் போனால் மலாய்ப் பரீட்சை இல்லாமலே பிரஜாவுரிமை கொடுக்கிறார்கள் என்று எங்கள் பக்கம் சொன்னார்கள். லாரி வைத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜெயபாலனும் அஞ்சலையும் போனார்கள். பொன்னம்மா வாசலில் உட்கார்ந்து லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சியக் கூட்டிட்டுப் போகலியா அண்ணே?” என்று கேட்டேன்.

“அவள யாரு வந்து நீ எந்த நாடுன்னு கேக்கப்போறாங்க மரியம்? வீட்ட விட்டே போகாத புள்ள.”

அப்புறம், பிரஜை இல்லாதவர்களைக் கப்பலேற்றப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள், எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் நம்பினார்கள். ஜெயபாலன் தங்கையைக் கூட்டிப்போகக் கிளம்பினான். அப்போது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதையும் தொடங்கக்கூடாது என்றாள் அஞ்சலை. ஆவணி பிறந்தது. ஒருநாள் அஷ்டமி, ஒருநாள் செவ்வாய், பிறகு அஞ்சலையின் தங்கைக்குக் குழந்தை பிறந்து தீட்டு. நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் தவிர்த்து, எதிரே சுமங்கலி வர வைத்துப் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தபோது சலுகை முடிந்திருந்தது. இனிமேல் மலாய் தெரியுமா என்று வாய்மொழியாகக் கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வாய்மொழியாக. பொன்னம்மாவை.

அன்று சாயங்காலம் ஜெயபாலன் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலில் நின்று சொன்னான்.

“இது சூசாவான வேலை மரியம், ரொம்பக் கஷ்டம். பாஸாகலைன்னா ஊருக்குத்தான் அனுப்பணும். மன்னார்குடிப் பக்கம் அத்தை ஒண்ணு இருக்கு. தோட்டத்துத் தியாகு குடும்பம் தை மாசம் கப்பலேறுது. அவங்களோட அனுப்பிட்டா, நாளைக்கு எவனோ புடிச்சு ஏத்துறதுக்கு, நம்மளே நல்லபடியா ஏத்திவிட்ட மாதிரி இருக்கும்.”

அத்தை உயிரோடு இருக்கிறாளா என்று அவனுக்குத் தெரியாது. பொன்னம்மா அவன் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது மிக நன்றாகக் கேட்கும். எல்லோரும் அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டை அவள் தொடவில்லை. ஜெயபாலன் காப்பி கொடுத்தான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாளே அவளைக் கையைப் பிடித்து நடத்தி, முதியோர் மலாய் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். சாயங்காலத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடக்கும். தபாலாபீஸில் வேலை பார்க்கும் தேவதாஸ்தான் வாத்தியார். மூக்குக்கண்ணாடியை அடிக்கடி துடைக்கும் மனிதர். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆடா’ என்றால் உண்டு, ‘தாக் ஆடா’ என்றால் இல்லை. தோட்டத்து ஆட்களும் முனிசிபல் ஆட்களும் ஆடா ஆடா என்று கத்துவார்கள். யாராவது தப்பாகச் சொன்னால் பொன்னம்மா சிரிப்பாள். சரியாகத் தப்பான இடத்தில் சிரிப்பாள். தேவதாஸ் அதைக் கவனித்தார். ஆனாலும் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“ஏன் சார், அவளக் கேக்க மாட்டேங்கிறீங்க?”

“பாவம்மா. அவங்களத் தொந்தரவு பண்ணக்கூடாது.”

பாவம் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆளை ஆயுள் முழுக்க மூலையில் உட்கார வைத்துவிடலாம். இதை நான் தேவதாஸிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். பதில் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்து வாருங்கள், நான் கேட்கிறேன் என்றார்.

வழியைப் பொன்னம்மா எப்போதோ கண்டுபிடித்திருந்தாள். எங்களுக்குத்தான் தெரியவில்லை. அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு பிஸ்கட் கம்பெனி காலண்டர் தொங்கும். மாதம் ஒரு படம். மார்ச் மாதம் பசு இருந்தது. பொன்னம்மா பசுவைக் காட்டிப் பால் கேட்டாளாம், அஞ்சலை கொடுத்தாளாம். ஏப்ரல் பிறந்ததும் அஞ்சலை பசுவைக் கிழித்து அலமாரியில் விரித்துவிட்டாள். அந்த இடத்தில் ரயில் வந்தது. பொன்னம்மா அதே இடத்தைக் காட்டினாள். ரயில் வேண்டுமாம் என்று அஞ்சலை தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். மாதம் பிறந்தால் நமக்கெல்லாம் சம்பளம் வரும். பொன்னம்மாவுக்கு மாதம் பிறந்தால் இருந்த ஒரு சொல்லும் போய்விடும்.

அலமாரிகளைக் காலி செய்து பழைய தாள்களையெல்லாம் எடுத்தேன். ஹாஜா கடையிலிருந்து தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்று வாங்கினேன். கஞ்சிப் பசை காய்ச்சினேன். பொன்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் படம், எந்த இடம் என்று இடது கையால் காட்டினாள். பால் டின் லேபிளிலிருந்து பால், மத்தி டின்னிலிருந்து மீன், ரொட்டிக் கடைத் தாளிலிருந்து ரொட்டி. தீப்பெட்டி யானை எங்கள் காஜா பேராங்குக்கு, காஜா என்றால் மலாயில் யானை. ஒரு வீடு. குடம் சுமக்கும் பெண் அஞ்சலைக்கு, பஸ் ஜெயபாலனுக்கு, தையல் மிஷின் எனக்கு. ஜனவரிப் படமான கப்பல் பெரிதாக இருந்ததால் அதை ஒரு மூலையில் ஒட்டினோம், இந்தியாவைச் சொல்ல. ‘ஆமாம்’ என்பதற்குத் தீபாவளி விளம்பரத்திலிருந்து ஏற்றிய குத்துவிளக்கு.

‘இல்லை’ என்பதற்கு என்ன ஒட்டலாம் என்று யோசித்தேன். ஒரு காலிக் குடம் இருந்தது. அதை எடுத்ததும் அஞ்சலை ஓடிவந்தாள்.

“மரியமக்கா, வேணாம். வீட்டுக்குள்ள மாட்டி வைக்கிற பலக. வெறுங்குடத்த ஒட்டி, ஒரு பொம்பளப் புள்ள தெனம் அதத் தொட்டுத் தொட்டுக் காட்டுனா வீடு வெளங்குமா?”

“அப்ப வேணாம்னு சொல்றதுக்கு அவ என்ன பண்ணுவா?”

“எதுக்கு வேணாம்னு சொல்லணும்? நாம என்ன வேண்டாததையா குடுக்கிறோம்?”

அவள் வீடு, அவள் சட்டம். எனக்கும் அது பெரிய காரியமாகப் படவில்லை. எங்கள் வீட்டிலும் வாசலில் நின்று இல்லை என்று சொன்னால் எங்கள் மாமியார் திட்டுவார். காலிக் குடத்தைக் கசக்கி அடுப்பில் போட்டேன். பொன்னம்மா அது எரிகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அஞ்சலை ஒரு தாமரைப்பூவை ஒட்டினாள். பலகை முழுக்க மங்களம். சாப்பாடு, பூ, விளக்கு, சொந்தக்காரர்கள்.

தேவதாஸ் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், பொன்னம்மாவைக் கேள்வி கேட்டார். ஆனால் அவருக்குப் பொறுமை போதவில்லை. பொன்னம்மாவின் கை நேராகப் போகாது. சுற்றிக்கொண்டு, நடுவழியில் நின்று, பிறகுதான் போய்ச் சேரும். அது கிளம்பும் முன்பே இவர் பதிலைச் சொல்லி, வெரி குட் என்றும் சொல்லிவிடுவார். யாருக்கு வெரி குட் என்று வகுப்புக்குப் புரியவில்லை. நான் ஒரு பொட்டலம் பெப்பர்மிண்ட் வாங்கிக் கொடுத்தேன். கேள்வி கேட்டதும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளுங்கள், கரைகிற வரைக்கும் பேசாதீர்கள் என்றேன். முதல் நாள் கடித்துத் தின்றார். பிறகு பழகிக்கொண்டார். மிட்டாய் கரைவதற்குள் பொன்னம்மாவின் விரல் சரியான படத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

கொஞ்ச நாளில் வகுப்பே அந்தப் பலகையைச் சுற்றி உட்கார ஆரம்பித்தது. முனிசிபல் ஆட்களும் மீனைத் தொட்டு ஈக்கான், பாலைத் தொட்டு சூசு என்று சொல்லிப் பழகினார்கள். எல்லோரும் கையால் காட்டிப் பேசியதால் பொன்னம்மா காட்டுவது யாருக்கும் அதிசயமாகத் தெரியவில்லை. அவளுக்கு அந்த நாட்களில் முகமே மாறியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. தையலில் இரண்டு சட்டைக்குக் கழுத்தைத் தப்பாக வெட்டினேன்.

ஒரு காரியம் மட்டும் நடந்தது. தேவதாஸ் பலகையில் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்ற கேள்வியாகப் பார்த்துக் கேட்டார். எங்கே இருக்கிறாய், என்ன சாப்பிட்டாய், இது மீனா. பொன்னம்மா ஒரு தடவையும் தப்பாகச் சொல்லவில்லை. ஏன் தப்பாகச் சொல்லவில்லை என்று எங்களில் யாரும் யோசிக்கவும் இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் பிரஜாவுரிமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அஞ்சலை திருநீறு பூசி அனுப்பினாள். ஜெயபாலன் லீவு போட்டுவிட்டு வந்தான். டிரைஷா சைக்கிள் வண்டியில் பொன்னம்மாவையும் பலகையையும் ஏற்றி, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பலகையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அதன் விளிம்பை அவள் பிடித்திருந்த பிடியில் விரல் நகம் வெளுத்திருந்தது.

அதிகாரி சொங்கோக் தொப்பி போட்ட நடுத்தர வயது மலாய்க்காரர். மரியாதையானவர். சிரிக்காதவர். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன, விளம்பரமா?” என்று மலாயில் கேட்டார்.

பால் டின்னும் மத்தி டின்னும் பிஸ்கட் கம்பெனிப் பெயரும் தெரிந்தால் வேறென்ன நினைப்பார். நான் விளக்கினேன். மொழி தெரிய வேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள், வாய் வேண்டும் என்று இல்லையே என்று சொல்ல ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை. சரி, பார்க்கலாம், ஆனால் கூட வந்தவர்கள் வாய் திறக்கக்கூடாது என்றார்.

“உங்கள் பெயர் பொன்னம்மாவா?”

விரல் சுற்றிப் போய் விளக்கைத் தொட்டது. தலை இடமும் வலமும் ஆடியது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“கை ஆமாம் என்கிறது, தலை இல்லை என்கிறது. நான் எதை எழுதுவது?”

வாய் திறக்கக்கூடாது என்றவர் அவராகவே என்னைப் பார்த்ததால், அந்தத் தலை காய்ச்சலில் போன தலை, அது சொல்வதற்கு அர்த்தம் கிடையாது என்றேன். அவர் தலையசைத்தார்.

“நல்லது. இனி தலையைக் கணக்கில் எடுக்க மாட்டேன். கையை மட்டும்தான் பார்ப்பேன்.”

நியாயமாகத்தான் இருந்தது. எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். யானை, பிறகு வீடு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றார். ரொட்டி. வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார் என்றார். குடம் சுமக்கும் பெண். இந்த மனிதர் யார் என்று ஜெயபாலனைக் காட்டினார். பஸ். பாசாரில் இப்போது மீன் கிடைக்கிறதா என்றார். விளக்கு. அதிகாரி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார். விரல் சுற்றிக்கொண்டு வரும்வரை புகைவிட்டுக் காத்திருந்தார். அவருக்குப் பெப்பர்மிண்ட் தேவைப்படவில்லை. ஜெயபாலன் மூச்சை விட ஆரம்பித்தான்.

“கடைசிக் கேள்வி. இதை எல்லோரையும் கேட்கிறேன். பாலேக் இந்தியா, மாவு? இந்தியாவுக்குத் திரும்பிப் போக விரும்புகிறீர்களா?”

அந்தப் பலகையை நான்தான் ஒட்டினேன். அதில் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த மூலையிலும் என்ன கிடையாது என்றும் அப்போது தெரிந்தது.

பொன்னம்மா பலகையைப் பார்த்தாள். விரல் கிளம்பி, காலிக் குடத்துக்குப் பதிலாக அஞ்சலை ஒட்டிய தாமரைப்பூவின் மேல் வந்து நின்றது. அங்கிருந்து நகர்ந்து யானையைத் தொட்டது. வீட்டைத் தொட்டது.

“எங்கே இருக்கிறீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டீர்கள்,” என்றார் அதிகாரி. “நான் கேட்டது வேறு. ஆமாமா, இல்லையா?”

தலை இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் வாக்குத் தவறாதவர், அதைப் பார்க்கவே இல்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் ஒரு விரலை உயர்த்தினார். ஜெயபாலன் தன் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான். விரல் மறுபடி கிளம்பியது. சுற்றிக்கொண்டு போய்க் கப்பலின் மேல் உட்கார்ந்தது.

“கப்பல்,” என்றார் அதிகாரி. “அப்படியானால் போக விருப்பம்.” பேனாவை எடுத்தார்.

ஜெயபாலன் கண்ணை மூடிக்கொண்டான். தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டான். தியாகு குடும்பத்தோடு அனுப்பிவிடலாம் என்று சொன்ன அதே வாய்தான் அது.

பொன்னம்மாவின் விரல் கப்பலை விட்டு எழவில்லை. அது படத்தின் ஓரத்துக்கு நகர்ந்தது. நகம் தாளுக்கடியில் போனது. கஞ்சிப் பசை காய்ந்து பலகையோடு பலகையாக ஆகியிருந்தது. நகம் வழுக்கியது. மறுபடி வைத்தாள். ஒரு மூலை எழும்பியது. அதைப் பிடிக்க விரல்கள் ஒன்று சேரவில்லை. மறுபடி. அதிகாரி பேனாவைப் பிடித்தபடியே இருந்தார், சிகரெட் தானாக எரிந்து சாம்பலாக நீண்டது. கப்பலின் முன்பாதி கிழிந்து வந்தது. பின்பாதியைச் சுரண்டினாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. கொடி வந்தது, புகைபோக்கி வந்தது, கடல் வந்தது. எல்லாவற்றையும் கூட்டி, ஆடும் கையில் அள்ளி, மேசைக்கு மேலே கொண்டுபோய், அவருடைய சாம்பல் தட்டில் போட்டாள்.

தலை ஆடிக்கொண்டேதான் இருந்தது. அந்த நேரம் தலை சொன்னதும் கை சொன்னதும் ஒன்றாக இருந்தன.

அதிகாரி சாம்பல் தட்டைப் பார்த்தார். காகிதத்தில் ஒரு ஓரம் கருக ஆரம்பித்ததும் சிகரெட்டை எடுத்துத் தள்ளி அணைத்தார்.

“தாக் மாவு,” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வேண்டாமாம். எழுதினார். முத்திரை குத்தினார். பிறகு, அடுத்தவரை வரச் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் ஜெயபாலன் அழுதான். டிரைஷாக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எங்களிடம் மெதுவாகப் பேசினார்.

வீட்டில் அஞ்சலை ஆரத்தி எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டுத்தான் பலகையைப் பார்த்தாள். கப்பல் இருந்த மூலையில் பழுப்பு நிறத்தில் வெறும் பலகை. சுரண்டின தடம் மட்டும்.

“இதென்னக்கா, மூளியா இருக்கு? இரு, ஒரு ரோசாப்பூ ஒட்டிருவோம்.”

அவள் பூப்படம் எடுத்து வந்தாள். பொன்னம்மா தன் கையை அந்த வெற்றிடத்தின் மேல் வைத்து மூடிக்கொண்டாள். அஞ்சலை இழுத்துப் பார்த்தாள். கை எழவில்லை.

“விட்டுரு அஞ்சலை,” என்றேன். “அதுல வெறுங்குடமா இருக்கு? ஒரு படமும் கெடையாதே. வெறும் பலகைதானே?”

அவள் சட்டத்தில் வெறும் பலகைக்குத் தடை எதுவும் அகப்படவில்லை. கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு ரோஜாப்பூவை விட்டுவிட்டாள்.

அதற்குள் ஜெயபாலன் அடுப்படிக்குப் போய்விட்டான். எதற்குப் போயிருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. நுரை பொங்கக் கலந்து, கிளாஸைத் துண்டில் பிடித்துக்கொண்டு வந்தான். கண் இன்னும் சிவந்திருந்தது.

“பாஸாயிட்டே தங்கச்சி. இந்தா, காப்பி.”

உதட்டருகே பிடித்தான். பொன்னம்மா வாயைத் திறக்கவில்லை. கட்டை விரலில் துணி சுற்றியிருந்த அந்தக் கையை எடுத்தாள். அது சுற்றிக்கொண்டு, நடுவில் நின்று, போய் வெற்றிடத்தில் உட்கார்ந்தது.

ஜெயபாலன் அவளைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான்.

“சூடா இருக்கா?”

விரல் அங்கேயே இருந்தது.

“சீனி பத்தலியா?”

அங்கேயே இருந்தது.

அவன் கிளாஸைக் கீழே இறக்கினான். மெதுவாகக் கேட்டான்.

“காப்பியே வேணாமா? உனக்குப் புடிக்காதா?”

விரல் வேறெங்கும் போகவில்லை. வெற்றிடத்தையே தட்டியது.

“முப்பது வருஷமாவா?”

அப்போதுதான் விரல் கிளம்பியது. பலகையைக் குறுக்காகக் கடந்து போனது. அவன் கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அது போய்ச் சேரும்வரை காத்திருந்தான். விரல் குத்துவிளக்கைத் தொட்டது.

ஜெயபாலன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். அந்தக் காப்பியைத் தானே குடித்தான். கசப்பு மருந்து குடிக்கிறவன் போலக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். கிளாஸைக் கவிழ்த்து வைத்தான்.

“வேற என்னென்ன வேணாம்? சொல்லும்மா. அண்ணன் இருக்கேன்.”

பொன்னம்மா பலகையைத் தன் பக்கம் இழுத்து, மடியில் நேராக வைத்துக்கொண்டாள். முதலில் விரல் குடம் சுமக்கும் பெண்ணிடம் போவதைப் பார்த்த அஞ்சலை, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்தாள். ஜெயபாலன் அவளை உட்காரச் சொன்னான். நேரம் எடுக்கும் என்று தெரிந்தது. குடும்ப விவகாரத்தில் நமக்கென்ன என்று நானும் எழுந்து, வர்றேன் என்றேன். பொன்னம்மா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுத்து, பலகையில் தையல் மிஷின் இருக்கும் பக்கமாகக் கொண்டுபோனாள்.